தொடக்க மாணவரும் வகை இலக்கணமும்

‘அவன் வந்தது’ என்று ஒருவர் சொல்லக் கேட்டால் நம் செவியில் அஃது உறுத்துகிறது. இலக்கணம் பயின்றவர் அதனைத் திணை வழு என்பர். பயிலாதவரும் அது பிழை என்பதை உணர்வர். ஆனால் பிழையின் பெயரை அறியார். சொற்களெல்லாம் ஏதேனும் ஒரு வகையைச் சார்ந்தவை, அவ்வகைக்கு ஏற்ற முடிபையே அவை கொள்ளும் என்னும் எண்ணம் நம் இலக்கணத்துக்கு மிகப் பழையது. நன்னூலார் வழுக்களை ஏழாக வகுத்ததோடு நில்லாமல், வழுவாயினும் ஏற்றுக்கொள்ளத் தக்கவற்றை வழுவமைதி என்று தனியே கூறிச் சென்றார். அந்தப் பெருந்தன்மையை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். இன்று நான் சொல்லப்போகும் வரலாற்றில் அதற்குச் சிறிது வேலை இருக்கிறது.

கணிப்பொறிக்கு நாம் எழுதித் தரும் நிரல்களிலும் இத்தகைய வகை இலக்கணம் உண்டு. எண்ணோடு எண்ணைக் கூட்டலாம். எண்ணோடு ஒரு படத்தைக் கூட்ட இயலாது. சொற்றொடரின் நீளத்தைக் கேட்கலாம். ஐந்து என்னும் எண்ணின் நீளத்தைக் கேட்பது பொருளற்றது. இத்தகைய வழுவை எப்பொழுது கண்டுபிடிப்பது என்பதில் நிரல்மொழிகளை ஆக்கியோர் இரு கட்சியாகப் பிரிந்தனர். நிரல் ஓடத் தொடங்குமுன்பே அதனை வரிவரியாகப் படித்து, வழு இருந்தால் ஓடவே விடக்கூடாது என்பது ஒரு கட்சி. ஓடவிடு, வழு நேரும் இடத்தில் நிறுத்திக்கொள்ளலாம் என்பது மற்றொரு கட்சி. முதற்கட்சியாரின் முறையை நிலைவகை என்றும், இரண்டாம் கட்சியாரின் முறையை இயங்குவகை என்றும் குறிப்பிடுவேன்.

தேர்ந்த நிரலாளர்களுக்குள் இப்பூசல் நடந்தால் அதில் நமக்கு அதிக அக்கறை இல்லை. அவர்கள் எப்படியும் பிழைத்துக்கொள்வர். நான் பேச எடுத்துக்கொண்டது வேறு. முதன்முதலாக நிரல் எழுத வரும் பதினான்கு, பதினைந்து வயது மாணவனுக்கென்று, அவன் அஞ்சாதபடி அன்போடு ஆக்கப்பட்ட கருவித் தொகுதிகள் சில உண்டு. அவற்றின்மேல் நிலைவகை என்னும் கடுமையான இலக்கணத்தை ஏற்ற முயன்றபோது என்ன நேர்ந்தது என்பதே இப்பேச்சின் பொருள். இம்முயற்சியின் பெரும்பகுதி அமெரிக்க நாட்டில் நடந்தது. சிறுபகுதி ஜெர்மனியிலும் நெதர்லாந்திலும் நடந்தது.

கதையின் வேர் 1958ஆம் ஆண்டில் இருக்கிறது. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஜான் மெக்கார்த்தி என்பார் அவ்வாண்டில் லிஸ்ப் என்னும் மொழியை உருவாக்கத் தொடங்கினார். கணிதத்தில் சார்பு என்று நாம் பள்ளியில் படித்தோமே, ஒன்றைக் கொடுத்தால் அதற்குரிய மற்றொன்றைத் தருவது, அந்தச் சார்புகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியே நிரல் முழுவதையும் எழுதிவிடலாம் என்னும் எண்ணம் அதில் வேரூன்றியது. இதனைச் சார்புவழி நிரலாக்கம் என்பர். லிஸ்ப்பின் வழித்தோன்றலாக 1975இல் அதே கழகத்தில் சஸ்மன், ஸ்டீல் என்னும் இருவர் ஸ்கீம் என்னும் சிறுமொழியை ஆக்கினர். இரண்டும் இயங்குவகைக் கட்சியைச் சேர்ந்தவை. இதற்கிடையே எடின்பரோ நகரில் ராபின் மில்னர், மாணவன் வகையை எழுதாவிட்டாலும் எந்திரம் தானே அதனைக் கண்டறிந்து சரிபார்க்கும் வழியொன்றை 1978இல் வெளியிட்ட கட்டுரையில் விளக்கினார். எம்.எல். என்னும் மொழியும் பின்னாளில் ஹாஸ்கெல் என்னும் மொழியும் அவ்வழி வந்தவை.

1985இல் ஏபெல்சன், சஸ்மன் இருவரும் ஸ்கீம் மொழியை வைத்துத் தொடக்க மாணவர்க்கென எழுதிய பாடநூல் பெரும்புகழ் பெற்றது. இரண்டே ஆண்டுகளில், 1987இல், பிலிப் வாட்லர் அந்நூலுக்கு ஒரு திறனாய்வு எழுதினார். மாணவர்க்கு வகைகளும், தரவின் வடிவத்தைப் பார்த்து வழக்குகளைப் பிரித்தெழுதும் வசதியும் உள்ள மொழியே ஏற்றது என்பது அவர் வாதம். ஆக, இப்பூசல் பள்ளியறைக்குள் நுழைந்து ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் ஆகின்றன.

இந்நிலையில் டெக்சாஸ் மாநிலத்து ஹூஸ்டன் நகரின் ரைஸ் பல்கலைக்கழகத்தில் மத்தியாஸ் ஃபெல்லைசனும் அவருடைய மாணவர்களும் 1995இல் ஓர் இயக்கத்தைத் தொடங்கினர். கல்லூரி மாணவர்க்கு மட்டுமன்றி உயர்நிலைப் பள்ளி மாணவர்க்கும் ஆசிரியர்க்கும் நிரலாக்கத்தை ஒழுங்குபடக் கற்பிப்பது அதன் நோக்கம். ஃபெல்லைசன், ஃபின்ட்லர், ஃபிளாட், கிருஷ்ணமூர்த்தி ஆகிய நால்வரும் சேர்ந்து எழுதிய நிரல் வடிவமைப்பு நூல் 2001இல் வெளிவந்தது. திருத்திய இரண்டாம் பதிப்பு 2018இல் வந்தது. அவர்கள் ஆக்கிய மொழிக்கு முதலில் பி.எல்.டி. ஸ்கீம் என்று பெயர். 2010இல் அது ரேக்கெட் என்று பெயர் மாற்றம் பெற்றது.

இவர்கள் செய்தவற்றுள் இரண்டைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்.

முதலாவது, மாணவனுக்கு மொழி முழுவதையும் ஒரே நாளில் கொடுக்கவில்லை. தொடக்க மாணவர் மொழி என்பதில் தொடங்கி முதிர்ந்த மாணவர் மொழி என்பதுவரை ஐந்து படிகள் வைத்தனர். முதற்படியில் சில சொற்களே உண்டு. ஆகவே எந்திரம் பிழை சொல்லும்போது, மாணவன் இன்னும் கற்காத எதையும் அதில் குறிப்பிட நேராது. பெரியவர்களின் மொழியில் தற்செயலாகப் பொருள் தந்துவிடும் ஒரு தட்டுப்பிழை, இந்தச் சிறுவர் மொழியில் உடனே பிழையென்று பிடிபடும். அரிச்சுவடி படிக்கும் பிள்ளைக்குக் கலம்பகத்தைக் கொடுப்பதில்லை அல்லவா?

இரண்டாவது, போதனைத் தொகுதி என்று ஒன்றை அமைத்தனர். நிரலாளர் வழக்கில் இத்தகையதை நூலகம் என்பர். நூல்கள் அடுக்கிய இடமன்று, பிறர் ஆக்கி வைத்த சார்புகளின் களஞ்சியம். இதில் படங்கள் எண்களைப்போலவே மதிக்கப்படுகின்றன. வட்டம் என்று ஒரு சார்பு. ஆரத்தையும் நிரப்பும் முறையையும் நிறத்தையும் கொடுத்தால் ஒரு படத்தைத் தரும். ஒரு படத்தின்மேல் மற்றொன்றை வைக்க ஒரு சார்பு, பக்கத்தில் வைக்க ஒரு சார்பு. மாணவன் படத்தை அப்படியே நிரலின் வரிக்குள் ஒட்டலாம். இதற்கும் மேலாக, பெருவெடிப்பு என்று குறும்பாகப் பெயரிட்ட ஓர் ஏற்பாடு உண்டு. ஓர் உலகத்தின் தொடக்க நிலையைக் கொடு. கடிகாரம் ஒருமுறை துடித்தால் அவ்வுலகம் எப்படி மாறும் என்று ஒரு சார்பு கொடு. அதனை எப்படி வரைவது என்று மற்றொன்று கொடு. விசை தட்டினால் என்ன ஆகும் என்று இன்னொன்று. அவ்வளவுதான், திரையில் விளையாட்டு ஓடத் தொடங்கும். வேறு எண் சொல்லாவிட்டால் அந்தக் கடிகாரம் ஒரு விநாடிக்கு இருபத்தெட்டு முறை துடிக்கும். இவ்வேற்பாட்டை விளக்கும் கட்டுரையை மேற்சொன்ன நால்வரும் 2009இல் வெளியிட்டனர். சார்புகளை மட்டுமே அறிந்த முதலாண்டு மாணவன், வேறு எந்த மாயமும் கற்காமல், தானே ஆக்கிய விளையாட்டைத் தோழனுக்குக் காட்டலாம். கணிதப் பாடம் இவ்வளவு இன்பமாக மாறியதை நான் வேறெங்கும் கண்டதில்லை என்றே சொல்வேன்.

இனி, வகைக்கு வருவோம். மேற்சொன்ன நூல் ஒவ்வொரு சார்பையும் ஆறு படிகளில் எழுதச் சொல்கிறது. அவற்றுள் இரண்டாம் படி, சார்பின் தலைக்குமேல் அதன் வகைக் குறிப்பையும் நோக்கத்தையும் எழுதுவது. ‘எண்ணைப் பெற்றுப் படத்தைத் தருவது’ என்பது போன்ற ஒரு வரி. ஆசிரியர் இதனை வலியுறுத்துவார். எழுதாவிட்டால் மதிப்பெண் குறையும். ஆனால் கவனியுங்கள்: அந்த வரி எந்திரத்துக்கு எழுதப்பட்டதன்று. அரைப்புள்ளிக்குப் பின் வரும் வெறுங்குறிப்பு அது. எந்திரம் அதனைப் படிக்காமல் தாண்டிப் போய்விடும். மாணவன் ‘எண்ணைப் பெற்று’ என்று எழுதிவிட்டு உள்ளே படத்தைப் பெறுமாறு எழுதினாலும் எந்திரம் வாயே திறவாது. பிழையில்லாத கணக்குப் புத்தகம் வேண்டும் என்று நாள்தோறும் சொல்லிவிட்டு, அதனை யாரும் திறந்து பார்க்காமல் விட்டால் கணக்கன் எத்தனை நாள் ஒழுங்காக எழுதுவான்? சிறுவர்கள் இதில் பெரியவர்களைவிடக் கூர்மையானவர்கள். எந்திரம் படிக்காததை நான் ஏன் எழுத வேண்டும் என்று அவர்கள் கேட்பது நியாயமே. இந்த இடத்தில்தான் நிலைவகைக் கட்சியாரின் வாதம் வலுப்பெறுகிறது. குறிப்பு ஏற்கெனவே எழுதப்படுகிறது. அதனை எந்திரம் படிக்கச் செய்தால் போதாதா?

போதாது என்பதை ரைஸ் பல்கலைக்கழகத்தார் முன்னரே ஓரளவு அனுபவித்திருந்தனர். 1991இல் அங்கே கார்ட்ரைட், ஃபேகன் என்னும் இருவர் மென்வகை என்ற முறையை வெளியிட்டனர். வகையை யாரும் எழுத வேண்டா, எந்திரம் ஊகித்துக்கொள்ளும், ஊகிக்க இயலாத இடத்தில் நிரலை மறுக்காமல், ஓடும்போது சோதிக்கும் காவலை மட்டும் வைக்கும். நன்னூலாரின் வழுவமைதிக்கு இதைவிட நெருங்கிய உறவினர் ஒருவரைக் காண்பது அரிது. 1996இல் கார்மாக் ஃபிளனகன் முதலியோர் அதனை வளர்த்து, ஒரு மதிப்பு எங்கிருந்து எங்கே பாய்கிறது என்பதை நிரலின்மேல் அம்புக்குறிகளாக வரைந்து காட்டும் கருவியை ஆக்கினர். கருத்து அழகியது. நடைமுறையில் எந்திரம் ஊகித்த வகைகள் பெருத்துப் போயின. ஒரு சிறு சார்பின் வகை பல வரிகளுக்கு நீண்டது. நிரலில் ஓரிடத்தில் செய்த சிறு மாற்றம் வெகுதொலைவில் ஊகத்தை மாற்றிவிடும். தேர்ந்தவரே திணறும் அச்செய்தியைத் தொடக்க மாணவன் என்ன செய்வான்?

ஆகவே அடுத்த தலைமுறையினர் ஊகத்தைக் குறைத்து, எழுத்தைக் கூட்டினர். சாம் டோபின்-ஹாக்ஸ்டாட் என்னும் ஆய்வு மாணவரும் ஃபெல்லைசனும் 2006இல் ஒரு திட்டத்தை வரைந்து, 2008இல் வகையிட்ட ஸ்கீம் என்னும் மொழியாக அதனை நிறைவேற்றினர். இன்று அது வகையிட்ட ரேக்கெட். அதன்படி, நிரலின் ஒவ்வொரு பிரிவையும் தனித்தனியே வகையிட்ட மொழிக்கு மாற்றலாம். மாற்றாத பிரிவுகள் பழையபடியே இருக்கும். இரண்டுக்கும் இடையிலுள்ள எல்லையில் காவலர் நின்று, வருவதையும் போவதையும் சோதிப்பார். மாணவன் வழக்கமாக எழுதும் ‘இஃது எண்ணா? ஆயின் இவ்வாறு செய்’ என்னும் வரியைப் படித்து, அதன் உட்பகுதியில் அஃது எண்ணே என்று தெரிந்துகொள்ளும் நுட்பமும் அதில் உண்டு. இம்முறையின் பெருமை அந்நுட்பத்தில்தான் இருக்கிறது என்பது என் எண்ணம். மனிதன் இயல்பாக எழுதுவதை மாற்றச் சொல்லாமல், எழுதியதன் பொருளை எந்திரம் கற்றுக்கொள்கிறது.

கருவி வந்துவிட்டது. இனிப் போதனைத் தொகுதிக்கு வகை இடவேண்டியதுதானே? வட்டம் என்னும் அந்த எளிய சார்பையே எடுத்துக்கொள்வோம். அதற்கு வகை எழுத உட்கார்ந்தால்தான், அதனை ஆக்கியவர்கள் மாணவனிடம் எவ்வளவு தாராளமாக நடந்துகொண்டார்கள் என்பது தெரியவருகிறது. நிரப்பும் முறையைச் சொற்றொடராகவும் கொடுக்கலாம், குறியீட்டுச் சொல்லாகவும் கொடுக்கலாம். பூச்சியம் முதல் 255 வரை ஓர் எண்ணாகக் கொடுத்தால் அதனை ஒளி ஊடுருவும் அளவாக ஏற்றுக்கொள்ளும். நிறத்தையும் பெயராகக் கொடுக்கலாம், அளவுகளின் கட்டாகவும் கொடுக்கலாம். முறை வெறுங்கோடு என்றிருந்தால் நிறத்துக்குப் பதிலாக ஓர் எழுதுகோலைக் கொடுக்கலாம். முழுதும் நிரப்புவது என்றிருந்தால் எழுதுகோலுக்கு இடமில்லை. அதாவது மூன்றாவது இடத்தின் வகை, இரண்டாவது இடத்தில் என்ன வந்தது என்பதைப் பொறுத்தது! இவ்வளவையும் வகையாக எழுதலாம். வகையிட்ட ரேக்கெட்டுக்கு அந்த ஆற்றல் உண்டு. எழுதினால் அஃது ஒரு பத்தி அளவுக்கு வளரும். மாணவன் ஆரத்துக்குப் பதிலாக நிறத்தை முன்னே எழுதிவிட்டால், எந்திரம் அந்தப் பத்தி முழுவதையும் அவன் முகத்தில் வீசும். இன்னொரு புறம், ‘சிவப்பு’ என்பதை எழுத்துப்பிழையோடு எழுதினால் வகை இலக்கணம் அதனைக் கண்டுகொள்ளாது. நிறத்தின் பெயர் என்ற இடத்தில் எந்தச் சொற்றொடரும் சொற்றொடரே அல்லவா? ஆக, மாணவன் அடிக்கடி செய்யும் பிழை தப்பிவிடுகிறது. அரிதாகச் செய்யும் பிழைக்குப் பெருமழை பொழிகிறது.

ஆரத்தில் இன்னும் சுவையான சிக்கல் ஒன்று இருக்கிறது. எதிர்மறை ஆரமுள்ள வட்டம் கிடையாது. ஆகவே ஆரத்தின் வகை எதிர்மறையல்லாத எண் என்று எழுதுவதே நேர்மை. எண்களின் வகைகளை இவ்வாறு நுணுக்கமாகப் பிரித்து எழுதும் முறையைச் செயின்ட்-அமூர் முதலியோர் 2012இல் விளக்கியிருக்கின்றனர். இனி மாணவன், துடிப்புக்கு ஒன்றாகச் சுருங்கிக்கொண்டே வரும் வட்டத்தை வரைய விரும்புகிறான். முதல் வாரத்தில் எல்லா மாணவரும் விரும்பும் விளையாட்டு இது. ஆரத்திலிருந்து ஒன்றைக் கழி, வட்டம் வரை என்று எழுதுகிறான். எந்திரம் மறுக்கிறது. எதிர்மறையல்லாத எண்ணிலிருந்து ஒன்றைக் கழித்தால் எதிர்மறை எண் வரக்கூடும் என்கிறது. மாணவன் சொல்வான்: ‘ஐயா, ஆரம் நூறில் தொடங்குகிறது, பூச்சியம் வந்ததும் நிறுத்தும்படி எழுதியிருக்கிறேனே!’ அந்த நிறுத்தும் விதி நிரலின் வேறோர் இடத்தில் இருக்கிறது. அதனை இதனோடு சேர்த்துப் பார்க்கும் ஆற்றல் வகை இலக்கணத்துக்கு இல்லை. கழித்து வந்ததையும் பூச்சியத்தையும் ஒப்பிட்டுப் பெரியதை எடு என்று ஒரு சொல் கூட்டினால் எந்திரம் அமைதியடையும்.

இங்கே யார் சொல்வது சரி? தேர்ந்த நிரலாளர், எந்திரம் சொல்வதே சரி என்பார். நிறுத்தும் விதியை நாளை யாரேனும் மாற்றினால் என்ன ஆகும் என்று கேட்பார். நான் மாணவன் பக்கமே நிற்கிறேன். அவன் நிரல் பிழையற்றது. பிழையற்ற நிரலை முதல் வாரத்திலேயே மறுக்கும் எந்திரத்திடம் அவன் கற்கும் பாடம், வட்டத்தைப் பற்றியதாக இராது. எதையேனும் கூட்டி எந்திரத்தை எப்படி அமைதிப்படுத்துவது என்பதாகவே இருக்கும். ஆரத்தின் வகையை வெறும் எண் என்று தளர்த்தி எழுதிவிட்டு, எதிர்மறை வந்தால் ஓடும்போது சொல்லிக்கொள்ளலாம் என்று விடுவதே போதனைத் தொகுதிக்குத் தக்கது. வகை என்பது முழு உண்மையையும் சொல்லியே தீரவேண்டும் என்று எந்த விதியும் இல்லை.

பெருவெடிப்பின் சிக்கல் இதனினும் ஆழமானது. முதலில், அது சார்பே அன்று. எந்திரம் நிரலைப் படிக்கும்போதே விரித்தெழுதிக்கொள்ளும் தனிவகைத் தொடர். விரிந்தபின் வருவது நூலகத்தின் உள்ளுறுப்புகள். வகை சோதிப்பவர் அவற்றில் பிழை கண்டால், மாணவன் எழுதாத, பார்த்தேயிராத சொற்களைச் சுட்டிப் பேசுவார். இதைத் தவிர்க்கச் சார்பாக ஒரு போர்வை போர்த்த வேண்டும். இரண்டாவது, உலகத்தின் வகை யாது? ஒரு மாணவனின் உலகம் ஓர் எண். மற்றொருவனுடையது பறவைகளின் பட்டியல். ஆகவே ‘எந்த வகையாயினும் சரி, ஆனால் எல்லா இடத்திலும் அதே வகை’ என்று எழுத வேண்டும். போதாக்குறைக்கு, துடிப்புக்கு விடைகூறும் சார்பு உலகத்தைத் தராமல், ‘இதோடு நிறுத்து’ என்னும் சிறப்பு மதிப்பையும் தரலாம். வேறு கணிப்பொறிக்கு அனுப்பவேண்டிய செய்தியோடு சேர்த்துக் கட்டிய கட்டாகவும் தரலாம். ‘எந்த வகையாயினும் சரி’ என்றால், எல்லைக் காவலர் அம்மதிப்பை முத்திரையிட்ட பொட்டலமாக உள்ளே அனுப்புவார். நூலகம் அதனைத் திறந்து பார்க்கக் கூடாது என்பதே அவ்வாக்குறுதியின் பொருள். நூலகமோ, வந்தது உலகமா நிறுத்தற்குறியா என்று பார்த்தே ஆகவேண்டிய நிலையில் இருக்கிறது. திறவாமல் எப்படிப் பார்ப்பது? மாணவன் ஐந்து நிமிடத்தில் கற்றுக்கொள்ளும் ஒரு கருவிக்கு வகை எழுதுவது, ஆராய்ச்சியாளர்க்கே தலைவலி ஆகிவிடுகிறது.

எல்லைக் காவலர்க்குக் கூலியும் உண்டு. 2016இல் தகிகாவா முதலியோர், பாதி வகையிட்டும் பாதி இடாமலும் விட்ட நிரல்களை எல்லா விதமாகவும் கலந்து ஓட்டிப் பார்த்தனர். சில கலவைகளில் நிரல் நூறு மடங்குக்கும் மேல் மெதுவாக ஓடியது. நிரலின் பகுதிகள் எல்லையைத் தாண்டி அடிக்கடி பேசிக்கொண்டால் ஒவ்வொரு முறையும் சோதனை. விநாடிக்கு இருபத்தெட்டு துடிப்பும், ஒவ்வொன்றுக்கும் வரைதலும் என்றால் எல்லையில் எவ்வளவு போக்குவரத்து என்று எண்ணிப் பாருங்கள். சிறு விளையாட்டுகளில் இது தெரியாமல் போகலாம். நூறு பறவைகளின் பட்டியலை உலகமாகக் கொண்டவனுக்குத் தெரியும்.

மறுகட்சியில், அதாவது வகையோடு பிறந்த மொழிகளில், இடர் எதிர்ப்புறமிருந்து வந்தது. ஹாஸ்கெல் மொழியின் வகைச் செய்திகள் தொடக்க மாணவரை அச்சுறுத்துவது கண்டு, நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தார் 2003இல் ஹீலியம் என்னும் கற்பிக்கும் மொழியை விளக்கினர். ஒரே பெயர் பல வகைகளுக்குப் பொருந்தும் வசதியை அவர்கள் முதலில் நீக்கியே விட்டனர். அவ்வசதியே புரியாத செய்திகளின் பிறப்பிடம் என்று கண்டனர். இதற்கு எதிர்மாறாக, 2015இல் ஹாஸ்கெலின் முதன்மைக் கம்பைலரின் புதிய பதிப்பில், பட்டியலின் நீளம் கேட்கும் சார்பைப் பட்டியல் போன்ற எதற்கும் பொருந்துமாறு விரித்தனர். தேர்ந்தவர் மகிழ்ந்தனர். விளைவாக, இரண்டு மதிப்புகளை இணைத்த சோடியின் நீளம் கேட்டால் ஒன்று என்று விடை வரலாயிற்று! அதற்குத் தக்க காரணம் உண்டு. ஆனால் அதனை முதல் வாரத்து மாணவனுக்கு எந்த ஆசிரியர் விளக்குவார்? கோட்வேர்ல்ட் என்னும் போதனைச் சூழல் மட்டும் துணிந்து ஒன்று செய்தது. ஹாஸ்கெலில் எண்களுக்குப் பல வகைகள் உண்டு. கோட்வேர்ல்டில் எண் என்று ஒரே வகைதான். வட்டத்துக்கு எண் வேண்டும், படம் கிடைக்கும், அவ்வளவே. அங்கே நிலைவகை மாணவனுக்குத் துணை செய்கிறது. நூலகத்தை வகைக்கு ஏற்ப முதலிலிருந்தே எளிமையாக வடித்ததால் அது கைகூடியது.

செய்திகளின் சொற்களைப் பற்றியும் ஒன்று சொல்லியாக வேண்டும். 2011இல் மார்சோ, ஃபிஸ்லர், கிருஷ்ணமூர்த்தி ஆகியோர், மாணவர்கள் பிழைச் செய்திகளை எப்படிப் படிக்கிறார்கள் என்று ஆராய்ந்தனர். செய்தியில் வரும் கலைச்சொற்களின் பொருள் பல மாணவர்க்குத் தெளிவாக இல்லை. திரையில் வண்ணமிட்டுக் காட்டிய பகுதியை, ‘இங்கே திருத்து’ என்னும் கட்டளையாகவே பலர் எடுத்துக்கொண்டனர். எந்திரமோ, இங்கே கண்டுபிடித்தேன் என்று மட்டுமே சொல்கிறது. பிழை வேறிடத்தில் இருக்கலாம். இத்தனைக்கும் அவை ஆண்டுக்கணக்கில் செதுக்கிய, வகை சாராத எளிய செய்திகள். வகைச் செய்திகளில் இந்த இடைவெளி இன்னும் விரியும். ஏனெனில், இரண்டு இடங்கள் ஒன்றோடொன்று பொருந்தவில்லை என்பதுதான் வகைப்பிழை. இரண்டில் எதன்மேல் குற்றம் என்பதை எந்திரம் அறியாது.

ஜெர்மனியின் டியூபிங்கன் நகரத்தார் கண்ட வழியை இறுதியாகச் சொல்கிறேன். கிரெஸ்டானி, ஷ்பெர்பர் என்னும் இருவர் 2010இல் வெளியிட்ட அனுபவ அறிக்கையில் அது விளக்கப்பட்டிருக்கிறது. மாணவர்கள் வகுப்பில் என்ன செய்கிறார்கள் என்பதைக் கண்டு கண்டே மொழியைத் திருத்தியவர்கள் அவர்கள். வெறுங்குறிப்பாக இருந்த வகைக் குறிப்பை அவர்கள் நிரலின் உறுப்பாக்கினர். எந்திரம் அதனைப் படிக்கும். ஆனால் நிரல் ஓடும்போது மட்டுமே சோதிக்கும். பின்னர் ரேக்கெட்டின் தொடக்க மாணவர் மொழியிலும் இவ்வகைக் குறிப்பு இடம்பெற்றது. அங்கே அதன் நடத்தை இது: மாணவன் குறிப்பை எழுதினால் சோதிக்கப்படும், எழுதாவிட்டால் குற்றமில்லை. குறிப்புக்கு மாறாக ஏதேனும் நேர்ந்தால், சோதனைகளின் முடிவுகள் வரும் அதே சாளரத்தில், தவறிய சோதனைகளோடு சேர்த்து அதுவும் வரிசையாகக் காட்டப்படும். சுருங்கும் வட்டம் தடையின்றிச் சுருங்கும். எண்ணென்று எழுதிய இடத்தில் படம் வந்திருந்தால் மட்டும், எந்தக் குறிப்பு மீறப்பட்டது என்பது மாணவனுக்குத் தெரிவிக்கப்படும். நிலைவகைக் கட்சியார் இதனை அரைகுறை என்பர். ஓடாத வரியிலுள்ள வழு பிடிபடாது என்பர். அது மெய்யே. ஆனால் இம்மாணவர்கள் ஒவ்வொரு சார்புக்கும் முன்கூட்டியே எடுத்துக்காட்டுகள் எழுதப் பழக்கப்பட்டவர்கள். நூலின் ஆறு படிகளில் அதுவும் ஒன்று. எடுத்துக்காட்டுகள் ஓடும்போது குறிப்புகளும் உடன் சோதிக்கப்படுகின்றன. அவன் இரண்டாம் படியில் எழுதிய வரியை எந்திரம் இப்பொழுது படிக்கிறது. முழுமையான நிலைவகையை வேண்டுவோர்க்கு, மாணவர் மொழிகளைக் கடந்தபின், வகையிட்ட ரேக்கெட் காத்திருக்கிறது.